கண்மண் தெரியாமல் ஓடும் வண்டி, நடுச்சாலையில் நிற்கும் ஆபத்து: காவல் துறையிடம் எப்படிச் சொல்வது, அவர்கள் என்ன செய்ய வேண்டும்

இரவு பதினொன்றரை மணி இருக்கும். மதுராந்தகத்தைத் தாண்டி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் அச்சு முறிந்த கரும்பு லாரி ஒன்று, இடது தடத்தில் பாதியும் மண்ணில் பாதியுமாக நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் தமக்குத் தெரிந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்: லாரிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நான்கு கருங்கற்கள், அவற்றின் இடுக்கில் செருகிய ஒரு வேப்பங்கிளை. நான் அதைக் கடந்துபோய், ஒரு தேநீர்க் கடை வாசலில் காரை ஓரங்கட்டிவிட்டு 112-ஐ அழைத்து, மதுராந்தகம் பக்கத்தில் ஒரு லாரி ஆபத்தாக நிற்கிறது என்றேன். மறுமுனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "திருச்சி போற பக்கமா, சென்னை வர்ற பக்கமா சார்?" என்பது. அடுத்தது, "கிலோமீட்டர் கல்லு நம்பர் ஏதாவது தெரியுமா?" முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. தேநீர்க் கடைக்காரர்தான் உள்ளிருந்தபடியே கல்லின் எண்ணைச் சொன்னார். அவருக்கு இந்தத் தொலைபேசி உரையாடல் புதிதல்ல என்பது அவர் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

காவல் துறைக்கு வரும் இத்தகைய அழைப்புகளில் பல பயனற்றுப் போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று. ரோந்து வாகனம் எந்தத் தடத்தில், எந்தப் பிரிவுச் சாலை வழியாக, எதைத் தேடி வர வேண்டும் என்பது அழைப்பிலேயே இருந்தால்தான் அடுத்த நடவடிக்கை எதுவும் தொடங்கும். ஆபத்தான ஓட்டுநரையும் சாலை ஆபத்தையும் காவல் துறை கையாளும் முறை தமிழ்நாட்டில் எப்படி அமைந்திருக்கிறது, அதில் சாலையில் செல்லும் நாம் எந்த இடத்தில் என்ன செய்தால் அது முறையாக நகரும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த எண்ணுக்கு, என்ன சொல்வது

உயிருக்கு ஆபத்து உள்ள எதற்கும் 112 போதும். காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான எண் அது. காயம்பட்டவர் இருந்தால் 108-ஐயும் தனியாக அழைத்துவிடுவது நல்லது. சென்னை மாநகரத்தில் போக்குவரத்துக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு 103 என்ற எண் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033-ஐ அழைக்கலாம். அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் எண். சுங்கச்சாவடி நிர்வாகம் வைத்திருக்கும் ரோந்து வாகனம், ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவை அந்த வழியில்தான் விரைந்து வரும். பழுதான லாரியை அகற்றுவதற்குக் காவலரைவிட அந்தக் கிரேனே முதலில் தேவைப்படும் என்பதால், நெடுஞ்சாலையில் 112, 1033 இரண்டையும் அழைப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் இடம்: சாலையின் பெயர், எந்த ஊரை நோக்கிச் செல்லும் பக்கம், கிலோமீட்டர் கல் அல்லது அருகிலுள்ள மேம்பாலம், பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி. இதற்குப் பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் வண்டி புறப்பட்டுவிடும். அடுத்து என்ன நடக்கிறது என்பது, ஒரே வாக்கியத்தில். மூன்றாவதாக வாகனம்: பதிவு எண், வகை, நிறம், பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர். முழு எண்ணைப் படிக்க முடியாவிட்டால் கடைசி நான்கு இலக்கங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், டி.என். 19 செங்கல்பட்டு, டி.என். 37 கோவை தெற்கு என்பது போன்ற மாவட்டக் குறியீட்டை யூகிக்க முடியும், நான்கு இலக்கத்தை யூகிக்க முடியாது. அரசுப் பேருந்தாக இருந்தால் தடம் எண்ணும், புறப்பட்ட நேரமும் கூடுதலாகப் பயன்படும். தனியார் பேருந்துகள் இரண்டு ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தால் இரண்டின் பெயரையும் சொல்லுங்கள். அது பெரும்பாலும் நிறுத்தத்தில் பயணிகளைப் பிடிப்பதற்கான 'டைமிங்' சண்டையாக இருக்கும். காவல் நிலையத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் சேர்ந்தால்தான் அது தீரும், ஏனென்றால் பெர்மிட்டும் நேர அட்டவணையும் அவர்கள் கையில் இருக்கின்றன.

செய்யக் கூடாதவை இரண்டு. துரத்திச் செல்லாதீர்கள். ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். கையில் பிடித்த கைப்பேசியோடு ஓட்டுவது, நீங்கள் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறீர்களோ அவர் மீது பாயும் அதே பிரிவின் கீழ் உங்கள் மீதும் பாயும் குற்றம். பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், அல்லது காரில் பொருத்திய டேஷ்கேம் எடுக்கட்டும்.

சட்டம் எதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 183-ஆம் பிரிவு வேக வரம்பை மீறுவது பற்றியது. அதற்கு அபராதம் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. சென்னையில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரம்பின்படி காருக்கு 60, இரு சக்கர வாகனத்துக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாவற்றுக்கும் 30 கிலோமீட்டர். 184-ஆம் பிரிவு வேறு. அங்கே வேகம் ஒரு கூறு மட்டுமே; பொதுமக்களுக்கு ஆபத்தான விதத்தில் ஓட்டினாரா என்பதுதான் கேள்வி. 2019 திருத்தம் அதற்கு விளக்கம் ஒன்றைச் சேர்த்தது: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, நிறுத்தக் குறியை மதிக்காதது, கைப்பேசியைக் கையில் வைத்து ஓட்டுவது, சட்டத்துக்கு மாறாக முந்துவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவையும், திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதைவிட மிகத் தாழ்ந்த தரத்தில் ஓட்டி, அது ஆபத்தானது என்று அத்தகைய ஓட்டுநர் எவருக்கும் தெளிவாகத் தெரியும்படி நடந்துகொள்வதும் இதில் அடங்கும். முதல் முறைக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

புகார் எழுதும்போது இந்த வேறுபாடு உதவும். 'அதிவேகமாக வந்தார்' என்று மட்டும் எழுதினால் அளந்த கருவி எங்கே என்ற கேள்வி வரும். 'சிக்னல் சிவப்பில் இருக்கும்போது தாண்டினார், பிறகு எதிர்த்தடத்தில் ஏறினார், குறுக்கே வந்த பள்ளி வேன் பிரேக் போட வேண்டியதாயிற்று' என்று கண்ணால் கண்டதை வரிசையாக எழுதினால், 184-க்குத் தேவையான உண்மைகள் அதிலேயே இருக்கும். அதோடு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் சேரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவுதான் அது. காவல் துறை தானே வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம் என்பதால், 'கோர்ட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்' என்று உங்களைத் திருப்பி அனுப்ப இடமில்லை.

பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு: முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 199ஏ பிரிவு பெற்றோர் அல்லது உரிமையாளர் பக்கம் திரும்புகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரிசாக பைக் வாங்கித் தருபவர்கள் இந்த ஒரு பிரிவையாவது படித்துவிட்டு ஷோரூமுக்குப் போகலாம்.

அழைப்பு போன பிறகு

கட்டுப்பாட்டு அறை, அழைப்பின் சாரத்தை 'மைக்'கில், அதாவது வயர்லெஸ்ஸில், அந்த எல்லையின் ரோந்து வாகனத்துக்கும் முன்னால் உள்ள காவல் நிலையத்துக்கும் சொல்கிறது. ஓடும் வண்டியைப் பின்னாலிருந்து துரத்தினால், ஓட்டுநர் இன்னும் மிதிப்பார்; நடுவில் மாட்டிக்கொள்பவர் சம்பந்தமில்லாத ஒருவராக இருப்பார். எனவே விவரமறிந்த அதிகாரி முன்னால் உள்ள சோதனைச் சாவடி, சுங்கச்சாவடி, அல்லது வேகம் தானாகவே குறையும் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்வார். சுங்கச்சாவடி இதற்கு மிகவும் தோதான இடம். வெளிச்சம் உண்டு, வண்டிகள் நின்று நகர்கின்றன, கேமரா இருக்கிறது.

வாகனத் தணிக்கையில் பேரிகார்டு வைக்கும் முறையைப் பார்த்தே அந்தக் குழுவின் அனுபவத்தை அளந்துவிடலாம். ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்புகளைத் தூரத்திலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக வைத்து, வண்டிகளைப் படிப்படியாக ஒரே தடத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே காவலர் நிற்பது முறை. வளைவு முடிந்த உடனோ, மேம்பாலத்தின் இறக்கத்திலோ, இருட்டில் திடீரென்று குறுக்கே பாய்ந்தோ நிறுத்துவது நிறுத்துபவரின் உயிருக்கே ஆபத்து. ஒளிரும் மேலாடை போடாமல் சாலையின் நடுவில் டார்ச்சோடு நிற்கும் காவலரை இன்றும் பார்க்க முடிகிறது. அவரைத் தணிக்கைக்கு அனுப்பியவர்தான் முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்.

சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்பது 130-ஆம் பிரிவு. அரசுச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ உள்ள ஆவணமும் செல்லும். 184 (ஆபத்தான ஓட்டுதல்), 185 (குடிபோதை) ஆகிய குற்றங்கள் சீருடையில் உள்ள காவலரின் கண்முன்னே நடந்தால், பிடியாணை இல்லாமல் கைது செய்ய 202-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 206(4)-இன் கீழ் அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல், குடிபோதை, பந்தயம், அவசர ஊர்திக்கு வழிவிடாமை போன்றவற்றுக்கு உரிமத்தைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அப்போது தரப்படும் ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது என்பதை அந்தப் பிரிவே தெளிவாகச் சொல்கிறது. பலரும் இதை அபராத ரசீது என்று நினைத்து, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். அதேபோல, 206, 207 பிரிவுகளை எத்தனை முறை படித்தாலும் இயங்கும் வண்டியின் சாவியைப் பிடுங்குவது பற்றி ஒரு சொல்லும் அவற்றில் இல்லை.

குடிபோதை வழக்கு, காவலர் பேச்சில் 'டி.டி. கேஸ்', தனி வரிசையில் நடக்கும். 185-ஆம் பிரிவின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மது. சந்தேகிக்கப் போதிய காரணம் இருந்தால், அந்த இடத்திலோ அருகிலோ ஊதச் சொல்லலாம். ஊதுபவர் கவனிக்க வேண்டியது ஊதுகுழல்: உறை பிரிக்காத புதியதை உங்கள் கண்முன்னே மாட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. கருவியில் வந்த எண்ணையும் நேரத்தையும் காட்டச் சொல்லுங்கள்; அச்சிட்ட சீட்டு வந்தால் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். ஊத மறுப்பது தப்பிக்கும் வழி அன்று. மறுத்தவரிடம் மது வாடை இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிறது, மறுப்பு அவருக்கு எதிரான சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. காவலர் பக்கமும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 185-க்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவித்தாக வேண்டும். அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் அறுவை அரங்கில் இருக்கும் ஒரு சனிக்கிழமை இரவை நினைத்துப் பாருங்கள். நல்ல வழக்குகள் கெட்டுப்போகும் இடம் இதுதான். தண்டனை, முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும். அந்த நிலையில் உள்ளவரிடம் வண்டியைத் திருப்பித் தர முடியாது. உடன் வந்தவர்களில் உரிமம் உள்ள, குடிக்காத ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வண்டி காவல் நிலைய வாசலில் நிற்கும்.

காவலர் பார்க்காத குற்றம்

நீங்கள் மட்டும் பார்த்தீர்கள், வண்டி போய்விட்டது என்றால் வேலை வேறு விதம். எழுத்தில் புகார் தர வேண்டும்: தேதி, நேரம், இடம், திசை, வண்டி எண், கண்டது, உடன் இருந்தவர். நிலையத்தில் உடனே முதல் தகவல் அறிக்கை போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணிட்ட ஒப்புகை, வாங்காமல் வராதீர்கள். மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நிலையம் பதிவு செய்ய மறுத்தால் அதே பிரிவின் கீழ் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

காணொளி இருந்தால் வெட்டாத, எழுத்து ஒட்டாத மூலக் கோப்பைப் பாதுகாத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும். பென் டிரைவில் கொடுப்பது மேல். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், எந்தக் கருவியில் யார் எடுத்தது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதிவைப்பது பிறகு அலைவதைக் குறைக்கும்.

வண்டி எண் கிடைத்ததும் விசாரணை அதிகாரி செய்வது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின் கீழ் உரிமையாளரிடம் அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று கேட்பது. உரிமையாளர் ஓட்டுநரின் பெயர், முகவரி, உரிம விவரத்தைத் தந்தாக வேண்டும். துறையின் சொந்தக் கேமராவில் பதிவான குற்றம் என்றால் இ-சலான் எனப்படும் மின்னணு அபராத அறிவிப்பு தானாகப் போகும். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி அந்த அறிவிப்பு 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு இந்த அறிவிப்புதான் முதல் அதிர்ச்சி.

சாலையில் கிடக்கும் ஆபத்து

வேப்பங்கிளை வைத்த லாரிக்குத் திரும்பி வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 70 மீட்டர் போய்விடுகிறது. நிற்பதற்கு அதற்கு மேலும் தூரம் வேண்டும். பத்தடி தள்ளி வைத்த கல், ஏற்கெனவே மோதப்போகிறவனுக்கு வைத்த அறிவிப்பு. அதைவிடக் கெட்டது, வண்டி சரியானதும் கிளம்பும் அவசரத்தில் கல்லை அங்கேயே விட்டுப்போவது. விடிகாலையில் வரும் இரு சக்கர வாகனக்காரருக்கு அந்தக் கல்லே எமன்.

காவல் ரோந்து வாகனம் வந்ததும் செய்யும் முதல் வேலை பழுதான வண்டியைப் பார்ப்பது அன்று, பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கை வைப்பது. ரோந்து வாகனத்தை ஆபத்துக்குப் பின்னால், போக்குவரத்து வரும் பக்கத்தில், சுழல் விளக்கு எரிய, சக்கரத்தை மண் ஓரம் பார்த்துத் திருப்பி நிறுத்துவார்கள். யாராவது அதன் மீது மோதினால்கூட அது வேலை செய்பவர்கள் மேல் உருளக் கூடாது. பிறகு கூம்புகள். தொலைவிலிருந்து தொடங்கிச் சாய்கோட்டில் தடத்தை மூடிக்கொண்டே வர வேண்டும். வைப்பவர் வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஓரமாக நடந்து வைப்பார். வளைவோ மேடோ இருந்தால் முதல் எச்சரிக்கை அதற்கு முன்பே தொடங்க வேண்டும். எடுக்கும்போது வரிசை தலைகீழ்: ஆபத்துக்கு அருகில் உள்ள கூம்பு முதலில், தொலைவில் உள்ளது கடைசியில்.

காவலர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியதும் இதன் சிறிய வடிவம்தான். அபாய விளக்கைப் போட்டு உங்கள் வண்டியைச் சாலைக்கு வெளியே நிறுத்துங்கள்; பயணிகளை இறக்கித் தடுப்புக்கு அப்பால், சாலையை விட்டுத் தள்ளி நிற்கவையுங்கள்; ஒளிரும் எச்சரிக்கை முக்கோணத்தை நூறு மீட்டருக்குக் குறையாமல் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். நடுவில் நின்று கைப்பேசி விளக்கை ஆட்டாதீர்கள். நாற்கரச் சாலையில் அது யார் கண்ணிலும் படாது.

வண்டியை ஆபத்தான நிலையில் விடுவது 122-ஆம் பிரிவின்படி குற்றம். கைவிடப்பட்ட, மோதி நொறுங்கிய, எரிந்த வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக இருந்தால், காத்திருக்காமல் உடனே இழுத்துப்போக 127-ஆம் பிரிவு காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது, செலவு உரிமையாளருடையது. 'உரிமையாளர் வரட்டும்' என்று இரவெல்லாம் லாரி நின்றால், அந்தப் பிரிவை மரியாதையோடு நினைவூட்டலாம்.

மற்ற ஆபத்துகளில் காவல் துறை பெரும்பாலும் தடுத்து நிறுத்தும் வேலையை மட்டும் செய்துவிட்டு உரிய துறைக்காகக் காத்திருக்கும். எண்ணெய் கொட்டியிருந்தால் மணலோ மரத்தூளோ தூவ வேண்டும். மழைத் தூறலோடு சேர்ந்த டீசல் பனிக்கட்டிக்குச் சமம். சாய்ந்த மரத்துக்குத் தீயணைப்புத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வரும். பள்ளங்களை மாநில நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதிவு செய்யலாம். சென்னை மாநகராட்சித் தெருக்களுக்கு 1913. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல்லையும் உளுந்தையும் காயவைத்துச் சுற்றிக் கல் அடுக்குவது நம் மாவட்டங்களில் ஊரறிந்த வழக்கம். பொதுவழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்துவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 285-இன் கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்றாலும், களம் இல்லாத விவசாயி மீது வழக்குப் போடுவதைவிட, ஊராட்சித் தலைவரை அழைத்துக் கற்களை அகற்றச் சொல்லி, இரவில் மூட்டை கட்டச் செய்வதே பெரும்பாலான ஆய்வாளர்கள் செய்வது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். கற்கள் மட்டும் ஒருபோதும் விட்டுவைக்கப்படக் கூடாது.

மின்கம்பி அறுந்து கிடந்தால் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. மின்வாரிய ஊழியர் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக நேரில் சொல்லும்வரை காவலரும் கயிறு கட்டி ஆட்களை விலக்குவதோடு நிற்பார். கம்பி உங்கள் வண்டி மேலேயே விழுந்திருந்தால் உள்ளேயே இருங்கள்; ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலுமாக இறங்குவதுதான் உயிரைப் பறிக்கும்.

எரிவாயு டேங்கர் வேறு வகை. 2025 ஜனவரி 3-ஆம் தேதி அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது, போக்குவரத்தை நிறுத்தி, அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கசிவை அடைத்தார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. சாலையோரப் பள்ளத்திலும் மழைநீர் வடிகாலிலும் தேங்கி நிற்கும். அதனால் காற்று வரும் திசைப் பக்கமாக, மேட்டை நோக்கி விலக வேண்டும். இஞ்சினை அணைத்தால் அணைத்தபடியே விடுங்கள். 'வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்' என்று மறுபடி சாவியைத் திருப்புவதே தீப்பொறி. டேங்கரின் பின்னாலும் பக்கத்திலும் உள்ள அவசரத் தகவல் பலகையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். திரவ எரிவாயுவுக்கு அது 1075. பாதுகாப்பான தூரத்திலிருந்து அந்த எண்ணைப் படித்து 112-இல் சொன்னால், வரும் தீயணைப்பு வண்டி எதற்குத் தயாராக வர வேண்டும் என்பது வழியிலேயே முடிவாகிவிடும்.

மோதல் நடந்துவிட்டால்

காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர் சாட்சியாக மாற வேண்டிய கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைச் சிவில், கிரிமினல் நடவடிக்கையிலிருந்து காக்கிறது. பெயரும் முகவரியும் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது என்று 2020-இல் வந்த விதிகள் சொல்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காயம்பட்டவரிடம் பணம் கேட்கக் கூடாது. அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஓட்டுநருக்கோ 134-இன்படி கடமை உண்டு: சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

விசாரணை அதிகாரி இடத்துக்கு வந்து பார்வை மகஜரும் (சாட்சிகள் முன்னிலையில் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் தயாரிப்பார்; வண்டிகளை மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக், ஸ்டியரிங் சோதித்துச் சான்று தருவார். சறுக்கிய தடம், உடைந்த கண்ணாடி, சிதறிய மண் ஆகியவை அந்த வரைபடத்துக்கு வேண்டியவை. ஆள் உள்ளே சிக்கியிராவிட்டால், வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. இந்த விவரங்கள் ஐராட் என்ற சாலை விபத்துத் தரவுத்தளத்திலும் ஏறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய அமைப்பு அது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அந்தப் பதிவு எதற்கு என்றால், தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்து 5 நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அது 'பிளாக் ஸ்பாட்', அதாவது விபத்து மிகுந்த இடம், எனக் கணக்கில் வரும். பதிவாகாத விபத்து அந்தக் கணக்கில் இல்லை. 'நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று கலைந்துபோன காயங்களால்தான் பல வளைவுகள் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. சாலை அமைப்பில் உள்ள குறையைத் தரநிலைப்படி சரிசெய்யாமல் விட்டதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், 198ஏ பிரிவின்படி பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஆபத்து நேர்ந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு என்று எழுதி, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவைக் கொடுங்கள். மனுவோடு இணைக்க வேண்டியவை: 112-ஐ அழைத்த தேதிகளும் நேரங்களும், சி.எஸ்.ஆர். எண்கள், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரு படங்கள், கிலோமீட்டர் கல்லின் எண். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பகுதி மனுவில் கல்லின் எண்ணை அந்தத் தேநீர்க் கடைக்காரர்தான் எழுதித் தந்தார். கையெழுத்திட்டவர்களில் அவர் பெயரே முதலாவதாக இருக்கிறது.